திரைக்கும் முதுமை உண்டு



எம்பிலிப்பிட்டிய நகரத்தின் கடைவீதியிலும், அதற்கு வடக்கே இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என மேடேறிச் செல்லும் தோட்டங்களின் லயன் வீடுகளிலும், மாலை வேளையில் ஒளிரும் தொலைக்காட்சித் திரைகளுள் பத்து வயதைத் தாண்டியவை பல உள. அத்தகைய திரை ஒன்றில் ஒருநாள் மாறுதல் தோன்றுகின்றது. செய்தி முடிந்து திரைப்படம் தொடங்கிய பின்னும், செய்தி ஓடிய பட்டையின் சாயல் திரையின் அடியில் நிற்கின்றது. அல்லது ஒரு மூலை இருளடைகின்றது. அல்லது நடுவே நிலாவட்டம் போல ஒரு வெண்புள்ளி எழுகின்றது. வீட்டார் அயலாரை அழைத்துக் காட்டுகின்றனர். "திரை எரிந்து போயிற்று, இனி இதனாற் பயனில்லை" என்று யாரோ ஒருவர் தீர்ப்புக் கூறிவிடுகின்றார். பெட்டி சுவரோரம் ஒதுக்கப்படுகின்றது. புதிய பெட்டிக்குத் தவணைப் பணம் கட்டும் கவலை வீட்டினுள் நுழைகின்றது.

அந்தத் தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் செய்தி. எல்.சி.டி. என்றும் எல்.ஈ.டி. என்றும் கடைகளில் விற்கப்படும் தட்டைத் திரைகள் எரிவதில்லை. அவை முதுமை அடைகின்றன. எரிந்த பொருளை மீட்க இயலாது. முதுமை அடைந்த பொருளிலோ, எந்த உறுப்பு முதிர்ந்தது என்று அறிந்தால், அந்த உறுப்பை மாற்றலாம். முதுமையின் வேகத்தையும் குறைக்கலாம்.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி அன்று. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் தொலைக்காட்சி வழியே பிள்ளைகளை நாடி வந்தன. கைத்தொலைபேசிக்கு அலைவரிசை எட்டாத தோட்டப் பிரிவுகளில் அந்தத் திரையே கரும்பலகை ஆயிற்று. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டு ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த விலை, சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் இலத்திரனியற் பொருள்களின் விலையும் அதனுடன் ஏறிற்று. நாட்கூலியில் வாழும் குடும்பம் ஒன்று, பழுது பார்க்கத்தக்க பெட்டியைப் பழுதென்று தள்ளிவிடுவது சிறிய இழப்பு அன்று.

முதலில், "எரிதல்" என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். இலங்கையில் 1979ஆம் ஆண்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அக்காலத்துப் பெட்டிகள் பின்புறம் பருத்தவை. கதோட்டுக் கதிர்க் குழாயினால் இயங்கியவை. அக்குழாயின் முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு ஒன்று உண்டு. இலத்திரன் கற்றை அதன் மீது மோதும்போது அப்பூச்சு ஒளி தரும். ஒரே படம் நெடுங்காலம் அசையாது நின்றால், அப்படத்தின் ஒளிமிகுந்த இடங்களிலுள்ள பூச்சு ஏனைய இடங்களைவிட விரைவில் நலிந்து போகும். பெட்டியை அணைத்த பின்னரும் அந்த வடு கண்ணாடியில் தெரியும். இதனையே எரிதல் என்றனர். பின்னர் வந்த பிளாஸ்மாத் திரைகளுக்கும் இக்குறை இருந்தது. இன்று விலையுயர்ந்த வகையாக விற்கப்படும் ஓ.எல்.ஈ.டி. திரைகளிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி உமிழ்கின்றது. ஆதலின் அவற்றிலும் இத்தகைய நிலையான வடு உண்டாகலாம். ஒளியைத் தானே உண்டாக்கும் புள்ளி, ஒளி உண்டாக்கி உண்டாக்கித் தேய்கின்றது என்பதே இவற்றுக்குப் பொதுவான நியதி.

எல்.சி.டி. திரையின் இயல்பு வேறு. அதன் புள்ளிகள் ஒளியை உண்டாக்குவதில்லை; பின்னாலிருந்து வரும் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அவற்றின் தொழில். எம்பிலிப்பிட்டிய வாழ் நேயர்களுக்கு இதனை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. உடவளவ நீர்த்தேக்கத்தில் நீர் நிற்கின்றது. அங்கிருந்து வலக்கரைக் கால்வாய் வழியே வரும் நீர், மதகுகளின் வழியாக வயல்களுக்குப் பிரிகின்றது. மதகு நீரைச் சுரப்பதில்லை. திறந்தும் மூடியும் அளவு செய்கின்றது. திரையின் பின்னே உள்ள விளக்குகள் நீர்த்தேக்கம் போன்றவை. முன்னே உள்ள திரவப் பளிங்குப் புள்ளிகள் மதகுகள் போன்றவை. வயலில் நீர் குறைந்தால், மதகு பழுதோ, தேக்கத்தில் நீர் இல்லையோ, கால்வாய் தூர்ந்ததோ என்று கமக்காரர் ஆராய்வார் அன்றோ? திரையிலும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

திரவப் பளிங்கு என்னும் பெயரே முரணாகத் தோன்றும். 1888ஆம் ஆண்டில் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியலாளர், கொலஸ்டிரால் சார்ந்த ஒரு சேர்வையைச் சூடாக்கினார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கிய திரவமாயிற்று, 178.5 பாகையில் அக்கலக்கம் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று வியந்த அவர், ஓட்டோ லேமன் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளருக்கு அதனை அனுப்பினார். நீர்போல ஓடியும், பளிங்குபோல ஒழுங்கமைந்தும் நிற்கும் நிலை ஒன்று உண்டென்பது அவ்வாராய்ச்சியினால் வெளிப்பட்டது. நெடுங்காலம் அது ஆய்வுகூட விந்தையாகவே இருந்தது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹைல்மையர் முதலியோர் அதனைக் கொண்டு காட்சித் திரை அமைக்கலாம் எனக் காட்டினர். 1970களில் கணிப்பான்களிலும் கைக்கடிகாரங்களிலும் அது இடம்பெற்றது. 2007ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில், உலகச் சந்தையில் எல்.சி.டி. தொலைக்காட்சி பழைய குழாய்ப் பெட்டியை முதன்முறையாக விற்பனையில் முந்திற்று.

இவ்வரலாற்றில் நமக்கு அண்மையான பெயர் ஒன்றும் உண்டு. சர் சி. வி. இராமனின் மருகரான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் பளிங்குகளை ஆராய்ந்தார். கோல்போன்ற மூலக்கூறுகளே திரவப் பளிங்காகும் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், 1977ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர்களும் வட்டத் தட்டுப் போன்ற மூலக்கூறுகளும் அந்நிலையை அடையும் எனக் கண்டறிந்தனர். அவ்வகைப் பொருள்களாலான மெல்லிய படலங்கள் பின்னர்த் திரைகளிற் சேர்க்கப்பட்டு, பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்க்கும் படம் திரியாது தெரிய உதவின.

ஒரு திரையின் உள்ளே என்ன இருக்கின்றது? முழு நுண்தெளிவுத் திரை ஒன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறாகும். எனவே ஏறத்தாழ 62 இலட்சம் சிறு மதகுகள் அங்கே திறந்து மூடுகின்றன. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு இடையில், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு தடிப்பில் திரவப் பளிங்கு நிரப்பப்பட்டிருக்கும். கண்ணாடியின் முன்னும் பின்னும் முனைவாக்கித் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒளியலை பல திசைகளிலும் அதிரும் இயல்புடையது. முனைவாக்கித் தாள் ஒரு திசை அதிர்வை மட்டும் செல்லவிடும். இரு தாள்களுக்கும் இடையிலுள்ள திரவப் பளிங்கு, மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் மூலக்கூறுகளைத் திருப்பி, ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றி, இரண்டாம் தாளைக் கடக்கவோ தடைப்படவோ செய்கின்றது. பின்னொளியில் பத்தில் ஒரு பங்குகூட நம் கண்ணை வந்து சேர்வதில்லை. எஞ்சியது உள்ளேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகின்றது. இந்த வெப்பமே பின்னர் நாம் காணவிருக்கும் கேடுகளுக்கெல்லாம் தாய்.

இனிச் செய்திப் பட்டையின் சாயலுக்கு வருவோம். திரவப் பளிங்கு எவ்வளவு தூய்மையாக்கப்பட்டாலும், மின்னேற்றம் கொண்ட அயன்கள் சிறிதளவு அதிற் கலந்தே இருக்கும். மின்னழுத்தம் ஒரே திசையில் நெடுநேரம் நின்றால், அவை ஒரு புறமாக ஒதுங்கிப் படியும். அது நேராதிருக்கவே, மின்சுற்று ஒரு விநாடியிற் பல முறை அழுத்தத்தின் திசையை மாற்றிக்கொண்டிருக்கின்றது. எனினும், முதிர்ந்த பெட்டியில் இந்தச் சமநிலை சற்றே பிசகும். வெப்பம் மிகுந்தால் அயன்களும் பெருகும். அப்போது, அலைவரிசையின் இலச்சினை, செய்திப் பட்டை என ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும் உருவங்களின் கீழ் அயன்கள் திரண்டு, படம் மாறிய பின்னும் மதகை ஓரளவு பிடித்துக்கொள்ளும். நாம் காணும் சாயல் அதுவே. பெட்டியைச் சில மணி நேரம் அணைத்து வைத்தால், அல்லது அசையும் படங்களை ஓடவிட்டால், அயன்கள் மீண்டும் பரவிச் சாயல் மறையும். ஒரே அறிவித்தலைப் பல ஆண்டுகள் பகலும் இரவும் காட்டிய திரைகளில் மட்டுமே, மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும் உட்படலம் மாறுபட்டு நிலையான வடு தங்குவதுண்டு. வீட்டுப் பெட்டியில் அது அரிது.

அங்ஙனமாயின், பழைய திரைகள் மங்குவதும் கறைபடுவதும் எதனால்? பெரும்பாலும் பின்னொளியினால். 2010ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெட்டிகள் பலவற்றில் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. பின்னர் எல்.ஈ.டி. விளக்குகள் வந்தன. கடைக்காரர் 'எல்.ஈ.டி. டிவி' என்று விற்பதும் பெரும்பாலும் எல்.சி.டி. திரையே, விளக்கு மட்டுமே வேறு. இவ்விளக்குகள் திடீரென அணைவதைவிட மெல்ல மெல்ல மங்குவதே இயல்பு. ஒளி பாதியாகும் காலத்தை அவற்றின் ஆயுள் எனக் கொள்வர். அது 30,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் பார்க்கும் வீட்டில் அது 13 ஆண்டுகளுக்கு மேல் வரும். காலை முதல் இரவு வரை 14 மணி நேரம் ஒளிரும் கடையில் 6 ஆண்டுகளுள் முடிந்துவிடும். கடைவீதித் திரைகள் முன்னரே மங்குவதன் காரணம் இக்கணக்கில் இருக்கின்றது.

எல்.ஈ.டி. விளக்குகளின் நோய்கள் மூன்று வகையின. ஒன்று, விளக்குகள் மாலையிற் கோத்த மணிகள்போலத் தொடராக இணைக்கப்பட்டிருத்தலின், ஒரு விளக்கு அறுந்தால் அந்தச் சரம் முழுவதும் இருளும். பல பெட்டிகளில் காப்புச் சுற்று உடனே எல்லா விளக்குகளையும் அணைத்துவிடும். ஒலி வரும்; படம் இராது. அப்போது அறையை இருட்டாக்கி, திரைக்கு அருகே ஒரு கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், படம் மங்கலாக அசைவது தெரியும். தெரியுமாயின், மதகு நலமாகவே உள்ளது. தேக்கம் மட்டுமே வற்றியது. இரண்டாவது, ஒவ்வொரு விளக்கின் மீதும் ஒளியைப் பரப்பும் சிறு வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வெப்பத்தினாற் பசை தளர்ந்து வில்லை விழுந்தால், ஒளி பரவாது ஓரிடத்திற் குவியும். முன்னர்க் கூறிய நிலாவட்டம் இதுவே. மூன்றாவது, வெள்ளொளி தரும் இவ்விளக்கு உண்மையில் நீல விளக்கே. அதன் மேலுள்ள மஞ்சட் பூச்சே நீலத்தை வெண்மையாக்குகின்றது. அப்பூச்சு கெட்டால் படம் முழுவதும் நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றும். இம்மூன்றுக்கும் மருந்து, விளக்குச் சரங்களை மாற்றுவதே.

அடுத்துத் தாள்களின் முதுமை. முனைவாக்கித் தாளின் நடுவில் அயடீன் ஏற்றிய நீட்டப்பட்ட படலம் ஒன்றும், அதன் இருபுறமும் செலுலோசு அசற்றேற்றுக் காப்புப் படலங்களும் இருப்பது வழக்கம். வெப்பமும் ஈரமும் ஒருங்கு தாக்கினால், அக்காப்புப் படலம் சிதைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். வினாகிரியின் புளித்த நெடி அந்த அமிலத்தினுடையதே. வெளிவந்த அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். பழைய திரைப்படச் சுருள்களைக் காக்கும் ஆவணக் காப்பகங்கள் அஞ்சும் நோயும் இதுவே. திரையில் இந்நோய் விளிம்பிலிருந்து தொடங்கி, துணியில் ஊறிய தேயிலைக் கறைபோல உள்நோக்கிப் படரும்.

இங்கே சப்ரகமுவ மாகாணத்தின் காலநிலையை எண்ணிப் பார்த்தல் தகும். இரத்தினபுரி நகரத்தில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். இறக்குவானைப் பக்கத்து மலைத் தோட்டங்களிலும் சுவர்கள் ஈரம் கசியும் மாதங்கள் பல. தெற்கே இறங்கி எம்பிலிப்பிட்டியவை அடைந்தால் மழை குறையும், வெயில் கூடும், பகலில் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் ஆண்டு முழுவதும் வழமை. ஒரே மாவட்டத்தில் மேட்டில் ஈரமும் பள்ளத்தில் வெப்பமும் திரையைப் பதம் பார்க்கின்றன.

வெப்பத்தின் வலிமையை ஒரு கணக்கினால் உணரலாம். பெட்டியின் மின்வழங்கற் பலகையில் கொள்ளளவிகள் எனப்படும் சிறு உருளைகள் உள. அவற்றினுள் ஈரமான மின்பகுபொருள் இருக்கும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கையாளும் விதி. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. எம்பிலிப்பிட்டியவிலோ அது 27 பாகையை ஒட்டியது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்த இரு பெட்டிகளை இவ்விரு ஊர்களிலும் வைத்தால், வளவைப் பள்ளத்தாக்கிலுள்ள பெட்டியின் கொள்ளளவிகள் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் முதுமை அடையும். தகரக் கூரையின் கீழ், காற்றுப் புகாத அலுமாரித் தட்டில், அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியின் நிலை இன்னும் கடினமானது. தூசி படாதிருக்கட்டும் என்று பூவேலைத் துணி போர்த்துவது நல்லெண்ணமே. ஆனால் பெட்டி இயங்கும்போதும், அணைத்தவுடன் சூடு தணியாத நிலையிலும் போர்த்தும் துணி, காய்ச்சலில் வருந்துபவர்க்குக் கம்பளி போர்த்துவது போன்றதாகும்.

திரையிற் குறை தோன்றினால், அச்சம் கொள்ளாது அதன் வடிவத்தை முதலிற் பாருங்கள். சாயலில் எழுத்தும் கோடும் தெளிவான விளிம்போடு தெரிந்தால், அது அயன்களின் வேலை. ஓய்வு கொடுத்தால் நீங்கும். குறை வட்டமாகவோ புகைபோல விளிம்பற்றோ தோன்றி, எந்த அலைவரிசையிலும் அதே இடத்தில் நின்றால், அது பின்னொளியின் குறை. விளக்குக்கும் நமக்கும் இடையே ஒளியைப் பரப்பும் தாள்கள் இருத்தலின், விளக்கின் குறை கூரிய வடிவம் பெறுவதில்லை. விளிம்பிலிருந்து படரும் கறையாயின் அது ஈரத்தின் வேலை. மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல ஒரு கோடு நின்றால், கண்ணாடி ஓரத்தில் மின்சுற்றை இணைக்கும் மெல்லிய நாடாக்களின் பிணைப்பு விட்டுப்போயிற்று எனலாம். இந்த இறுதி வகையே பழுது பார்த்தற்கு அரியது. முழுத் திரையையும் மாற்ற நேரும். அதன் விலை புதிய பெட்டியின் விலையை நெருங்கலாம். ஏனையவற்றில் நம்பிக்கைக்கு இடமுண்டு.

பழுது பார்ப்பவரிடம் செல்லும்போது "திரை போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். "ஒலி வருகின்றது, கைவிளக்கிற் படம் தெரிகின்றது" என்று சொல்லுங்கள். நோயைச் சரியாகச் சொல்பவர்க்கு மருத்துவம் எளிதாகும். வேண்டாத செலவும் நீங்கும். ஒரு சரம் மட்டும் கெட்டிருந்தாலும் எல்லாச் சரங்களையும் ஒருங்கே மாற்றுவது நலம். ஏனெனில் எஞ்சியவையும் அதே வயதினவே. சரங்களை மாற்ற, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடைய கண்ணாடித் தகடுகளால் ஆன திரையைக் கழற்றி எடுக்கவேண்டும். இது பழகிய கைக்கே உரிய வேலை. வீட்டில் தாமே பெட்டியைத் திறக்க எவரும் முனையலாகாது. 230 வோல்ற்று மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது 300 வோல்ற்றைக் கடக்கும். செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் அது சிறிது நேரம் உறைந்திருக்கும்.

இனி, காக்கும் வழிகள். முதலாவதும் முதன்மையானதும் பின்னொளியைக் குறைத்தலே. கடையில் பிற பெட்டிகளுக்கிடையே கண்ணைக் கவரும்படி, பெட்டிகள் மிகுந்த ஒளியில் அமைக்கப்படுவதுண்டு. அந்த அமைப்பை வீட்டிலும் மாற்றாதிருப்பதே பல திரைகள் விரைவில் நலியக் காரணம். அமைப்புப் பட்டியலில் 'பேக்லைட்' என்று ஒன்றும், 'பிரைட்னஸ்' என்று ஒன்றும் தனித்தனியே இருந்தால், குறைக்கவேண்டியது பேக்லைட்டையே. மற்றையது பல பெட்டிகளில் கருமையின் அளவை மாற்றுமேயன்றி விளக்கைத் தணிப்பதில்லை. விளக்கு தணிந்தால் மின்சாரம் மிஞ்சும்; வெப்பம் குறையும்; ஆயுள் கூடும். இரவில் அறை விளக்கின் ஒளியில் பார்ப்பவர்க்கு அரைப்பங்கு ஒளியே போதியது.

இரண்டாவது, பெட்டியின் பின்னும் மேலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பின்புறத் துளைகளிற் படிந்த தூசியை, மின்சாரம் துண்டித்த பின் காய்ந்த தூரிகையால் அகற்றுங்கள். மூன்றாவது, வெயில் நேரே விழும் சாளரத்தின் எதிரே திரையை வைக்காதீர்கள். நான்காவது, மழைக்காலத்தில் பெட்டியை நாட்கணக்காக அணைத்து வைப்பதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் இயக்குவது நல்லது. உள்ளே பிறக்கும் மிதமான சூடு ஈரத்தைப் போக்கும். ஐந்தாவது, திரையின் மீது நீரையோ வேறு திரவத்தையோ தெளிக்காதீர்கள். வழியும் துளி கீழ் விளிம்பில் இறங்கி, நாடாப் பிணைப்புகள் இருக்கும் இடத்தைச் சென்றடையலாம். மென்மையான துணியைச் சற்றே நனைத்துப் பிழிந்து துடைத்தலே போதும். சாயலைப் போக்குவதற்கென்று திரையை அழுத்தித் தேய்த்தலும் சூடேற்றுதலும் கேட்டையே விளைக்கும்.

இவ்வளவும் செய்தும் ஒரு பெட்டி தன் காலத்தை முடித்துக்கொள்ளுமாயின், அதனை விடைகொடுத்து அனுப்பும் முறையும் ஒன்றுண்டு. குழல் விளக்கு உடைய பழைய பெட்டிகளில், ஒவ்வொரு குழலினுள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பெரிய திரை ஒன்றிற் பத்துக்கு மேற்பட்ட குழல்கள் இருந்தன. அப்பெட்டியை ஓடைக்கரையில் எறிந்தால் பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலக்கும்; குப்பையோடு எரித்தால் நாம் உயிர்க்கும் காற்றிற் கலக்கும். நீரிற் கலந்த பாதரசம் மீனின் வழியே மனிதரை அடைந்து விளைத்த கேட்டை, யப்பானிலுள்ள மினமாட்டாக் குடாவின் மக்கள் 1950களில் அனுபவித்தனர். 2013ஆம் ஆண்டில் பாதரசத்தைக் கட்டுப்படுத்த எழுந்த உலக உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரே இடப்பட்டது. வளவை கங்கையின் நீரை நம்பி நெல் விளைவித்து மீன் பிடிக்கும் மக்கள் இதனை மறத்தல் ஆகாது. இலத்திரனியற் கழிவைப் பெறுவோரிடமோ, உதிரிப் பாகங்களைப் பிரித்தெடுக்கத் தெரிந்த பழுது பார்ப்பவரிடமோ அதனைச் சேர்ப்பித்தலே முறை. ஒரு பெட்டியின் நலமான பலகை மற்றொரு பெட்டிக்கு உயிர் தரவும் கூடும்.

நேயர்களே, வற்றிய தேக்கத்துக்காக மதகை உடைப்பவர் இல்லை. திரையில் இருள் தோன்றியவுடன் திரையையே குறை கூறாது, அறையை இருட்டாக்கிக் கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். அங்கே உருவங்கள் அசையுமாயின், அந்தப் பெட்டிக்கு இன்னும் பல மாலைப் பொழுதுகள் மிஞ்சியிருக்கின்றன.